லிப்சி6 தொகுப்பு கர்னல் எண்ணைக் காட்டி மேம்படுத்தலை மறுத்தால்

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் 64-பிட் ஆர்ம் செயலி கொண்ட சிறு பலகைக் கணினி ஒன்று உபுண்டு 18.04-இல் ஓடுகிறது. கர்னல் (இயங்குதளத்தின் மைய நிரல்), பலகையை விற்றவர்கள் கட்டித் தந்தது. 'யூநேம் -ஆர்' கட்டளை 4.9.277 என்று காட்டுகிறது. இணைய வசதி இல்லாததால், 20.04 வெளியான புதிதில் நகலெடுத்து வைத்திருந்த களஞ்சியத்திலிருந்து மேம்படுத்த முயன்றேன். ஏறக்குறைய எல்லா நிரல்களும் நாடும் அடிப்படை சி நிரலகமான லிப்சி6 தொகுப்பில் வந்து நின்றுவிட்டது. உங்கள் கர்னல் பதிப்பின் திருத்த எண் 255 அல்லது அதற்கு மேல் இருக்கிறது என்ற எச்சரிக்கையும், நிறுவலுக்கு முந்தைய ஸ்கிரிப்ட் 1 என்ற பிழைக்குறியுடன் முடிந்தது என்ற வரியும் திரையில் உள்ளன. இப்போது வேறு எந்தத் தொகுப்பையும் நிறுவ முடியவில்லை. கர்னல் பழையது என்று இதற்குப் பொருளா? மறுதொடக்கம் செய்யலாமா? யூநேம் கட்டளைக்குப் பதிலாகப் பொய் எண் சொல்லும் ஸ்கிரிப்ட் ஒன்றை வைத்தால் போதும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்:

மறுதொடக்கம் இப்போது வேண்டாம். ரூட் பயனராக நுழைந்த ஒரு முனையத்தையாவது மூடாமல் வைத்திருங்கள். பதற்றமும் வேண்டாம். டெபியன் வழிவந்த இயங்குதளங்களில் ஒரு தொகுப்பின் கோப்புகள் வட்டில் இறங்குவதற்கு முன், அந்தத் தொகுப்புக்குள்ளேயே இருக்கும் 'ப்ரீஇன்ஸ்ட்' என்ற ஸ்கிரிப்டை, தொகுப்புகளை நிறுவும் கருவியான டிபிகேஜி ஓடவிடும். அது சுழியம் அல்லாத எண்ணைத் திருப்பினால், டிபிகேஜி அந்தத் தொகுப்பைப் பிரிக்காமலேயே கைவிட்டுவிடும். ஆகவே உங்கள் கணினியில் பழைய 2.27 பதிப்பு லிப்சி ஒரு கோப்பும் குறையாமல் அப்படியே இருக்கிறது. மற்ற தொகுப்புகள் நிறுவ மறுப்பது, அவை புதிய லிப்சியை எதிர்பார்த்துப் பாதி வழியில் நிற்பதால்தான். வாசலில் சோதித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்களே தவிர, வீட்டுக்குள் எதுவும் உடையவில்லை.

(கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன், தட்டச்சு செய்யும்போது அவற்றின் வழக்கமான எழுத்துகளிலேயே இடுங்கள்.)

அந்த வாசல் சோதனை எதைப் பார்க்கிறது என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள். இத்தகைய சிக்கலில் தேடுபொறியைத் திறப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை இதுதான் என்பது என் கருத்து, ஏனெனில் மறுத்தவர் யார், எந்த வரியில் மறுத்தார் என்பது தொகுப்புக்குள்ளேயே எழுதியிருக்கிறது. டிபிகேஜியை இயக்கும் தொகுப்பு மேலாளரான ஆப்ட்டின் தற்காலிகக் கிடங்கில், அதாவது /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்க்கைவ்ஸ் அடைவில், லிப்சி6-இன் டெப் கோப்பு கிடக்கும். அதை 'டிபிகேஜி-டெப் -இ' கட்டளைக்குக் கொடுத்து ஒரு வெற்று அடைவைக் குறிப்பிட்டால், கட்டுப்பாட்டுக் கோப்புகள் மட்டும் அங்கே பிரிந்து விழும்; எதுவும் நிறுவப்படாது. அவற்றுள் ப்ரீஇன்ஸ்ட் என்பதைத் திறந்து 255 என்ற எண்ணைத் தேடுங்கள். அங்கே காண்பது மிக எளிய ஒரு வரி: 'யூநேம் -ஆர்' தரும் சரத்தை வாங்கி, அதில் உள்ள இடைக்கோடுகளைப் புள்ளிகளாக மாற்றி, புள்ளிகளால் பிரிந்த மூன்றாம் துண்டை மட்டும் வெட்டியெடுத்து, அதில் எழுத்துகள் இருந்தால் நீக்கி, மிஞ்சும் எண் 255-க்குச் சமமோ பெரிதோ ஆனால் எச்சரிக்கையை அச்சிட்டு 1 என்று சொல்லி வெளியேறுகிறது. உங்கள் சரத்தில் அந்த மூன்றாம் துண்டு 277. நடந்தது இவ்வளவே.

எச்சரிக்கையின் பிற்பகுதியையும் படித்திருப்பீர்கள்: நீங்களே கர்னலைக் கட்டியிருந்தால், உங்கள் சொந்த எண்களை மூல எண்ணுக்குப் பின் ஓர் இடைக்கோடு போட்டு ஒட்டுங்கள் என்று அது அறிவுரை சொல்கிறது. சோதனை எழுதப்பட்ட காலத்தின் மனநிலை அதில் தெரிகிறது. மூன்றாவது எண் 255-ஐத் தொடுகிறது என்றால், யாரோ தம் கர்னலுக்குத் தேதியையோ கட்டுமான எண்ணையோ இடைவெளியின்றி ஒட்டிவிட்டார்கள் என்றுதான் அன்று நினைக்க முடிந்தது. முறையாக வெளியாகும் ஒரு கர்னல் அந்த எண்ணை எட்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஏன் 255? கர்னலின் பதிப்பைச் சரமாக அன்றி ஒரே முழு எண்ணாகப் பொதிந்து வைக்கும் வழக்கம் சி நிரல்களில் உண்டு. முதல் எண்ணை 65536-ஆல் பெருக்கி, இரண்டாம் எண்ணை 256-ஆல் பெருக்கி, மூன்றாம் எண்ணை அப்படியே கூட்டுவது அதன் முறை. மூன்றாம் எண்ணுக்குக் கிடைத்த இடம் எட்டு பிட்டுகள். அதில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். 4.9.256 என்ற பதிப்பை இந்த முறையில் பொதிந்து பாருங்கள்: 262144, 2304, 256 ஆகியவற்றின் கூட்டல், 264704. இப்போது 4.10.0-ஐப் பொதியுங்கள்: 262144-உடன் 2560, அதுவும் 264704. நிரலின் பார்வையில் இரண்டும் ஒன்றே. 4.10-இல் மாறிய ஓர் இடைமுகத்தை நம்பி நிபந்தனை எழுதிய வெளி நிரல்தொகுதி (கர்னலோடு தனியாகச் சேரும் மாட்யூல்), 4.9.256 மீது கட்டப்படும்போது தவறான கிளையில் இறங்கிவிடும். லிப்சியின் சோதனை அஞ்சியது இதைத்தான்.

அஞ்சியது 2021 பிப்ரவரியில் நடந்தது. 4.4, 4.9 ஆகிய இரண்டு நீண்டகால ஆதரவு வரிசைகளும், பல ஆண்டுகளாகத் திருத்தங்கள் சேர்ந்து சேர்ந்து, ஒரே நேரத்தில் 255-ஐ எட்டின. பிப்ரவரி 5 அன்று 4.4.256, 4.9.256 என இரு வெளியீடுகள் வந்தன. பதிப்பெண் மாற்றத்தைத் தவிர அவற்றில் வேறு எந்தத் திருத்தமும் இல்லை. எண் வழிந்தால் எங்கெல்லாம் உடைகிறது என்று எல்லோரும் சோதித்துப் பார்ப்பதற்காகவே அவை தனியாக வெளியிடப்பட்டன. பிறகு, பொதியும்போது மட்டும் மூன்றாம் எண்ணை 255-இலேயே நிறுத்திவிடுவது என்ற ஏற்பாடு கர்னலின் கட்டுமான விதிகளுக்குள் வந்தது. யூநேம் சொல்லும் சரம் மட்டும் 257, 277, 300 என்று உள்ளபடியே வளர்ந்துகொண்டு போயிற்று. 4.9 வரிசை கடைசியில் 2023 ஜனவரியில் 4.9.337-உடன் முடிவுற்றது. இந்த வரிசையை நம்பியிருந்த பலகைக் கணினிகள் ஏராளம் என்பதால் உங்களுக்கு வந்த பிழை பலருக்கும் வந்திருக்கிறது.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு நேரான விடை: இல்லை, இந்தப் பிழைக்குக் கர்னல் பழையது என்று பொருள் இல்லை. பழையது உங்கள் தொகுப்பு. 20.04 வெளியானது 2020 ஏப்ரலில். அப்போது எடுத்த நகலில் இருக்கும் லிப்சி6, 255-ஐத் தாண்டி முறையாக வெளியான கர்னல் ஒன்றுகூட இல்லாத காலத்தில் கட்டப்பட்டது. அதன் ப்ரீஇன்ஸ்ட் ஸ்கிரிப்ட் தன் காலத்து அறிவோடு உங்களைத் தடுக்கிறது. டெபியனிலும் உபுண்டுவிலும் இந்தச் சோதனை பின்னர் திருத்தப்பட்டுவிட்டது.

ஆனால் இதோடு உருவத்தில் ஒத்த, விளைவில் முற்றிலும் வேறான இன்னொரு மறுப்பு இருக்கிறது. உங்கள் நண்பரின் யோசனைக்கு விடை சொல்லும் முன் அதை விளக்கியாக வேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒரே ஸ்கிரிப்டில் சில வரிகள் தள்ளி அடுத்தடுத்து இருப்பவை. பிழைச் செய்தியின் கடைசி வரியும் இரண்டுக்கும் ஒன்றே. இந்த லிப்சி ஓடுவதற்குக் கர்னல் 3.2 அல்லது அதற்குப் பிந்தையது தேவை, முதலில் கர்னலை மேம்படுத்துங்கள் என்பது அந்த இரண்டாம் மறுப்பு. 2017 ஆகஸ்டில் வந்த குளிப்சி 2.26 (லிப்சி6 கட்டப்படும் மூல நிரல்), எல்லாக் கட்டமைப்புகளுக்கும் 3.2-ஐக் கீழெல்லையாக வைத்தது. அதுவரை இன்டெல் வகைச் செயலிகளுக்கு மட்டும் 2.6.32 போதும் என்ற சலுகை இருந்தது. (64-பிட் ஆர்முக்கு எல்லை 3.7. உங்கள் 4.9 அதைத் தாராளமாகக் கடந்துவிட்டது.) இந்த எல்லை வெறும் ஸ்கிரிப்டில் எழுதிய நிபந்தனை அன்று, நிரலகத்தின் உள்ளேயே பொதிந்திருப்பது. அந்தக் காலத்துக் குளிப்சி, ஒவ்வொரு நிரலும் தொடங்கும்போது கர்னலின் பதிப்பைக் கேட்டு, எல்லைக்குக் கீழே இருந்தால் அந்த நிரலை அங்கேயே முடித்துவிடும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், வாடகைக்கு எடுத்திருந்த மெய்நிகர் சர்வர் ஒன்றை டெபியன் 9-லிருந்து 10-க்கு ஏற்ற முயன்றேன். அது ஓபன்விஇசட் வகைக் கன்டெய்னர். அதற்கென்று தனிக் கர்னல் கிடையாது, தாய்க் கணினியின் 2.6.32 கர்னலைத்தான் எல்லா வாடகைதாரர்களும் பகிர்ந்துகொண்டிருந்தோம். லிப்சி6, கர்னல் 3.2 வேண்டும் என்று மறுத்தது. கன்டெய்னருக்குள் புதிய கர்னல் தொகுப்பை நிறுவினேன். அது நிறுவப்பட்டது, ஆனால் அதை ஏற்றி ஓடவிடுவார் யாருமில்லை, யூநேம் பழைய எண்ணையே சொன்னது. பொறுமை இழந்து, உங்கள் நண்பர் சொல்லும் அதே போலி யூநேமை எழுதி வைத்தேன். ப்ரீஇன்ஸ்ட் ஏமாந்தது. தொகுப்பு பிரிந்து இறங்கியது. அடுத்த நொடியிலிருந்து எந்தக் கட்டளையை இட்டாலும் திரையில் ஒரே வரி: 'ஃபேட்டல்: கர்னல் டூ ஓல்ட்'.

எல்எஸ் ஓடவில்லை, சிபி ஓடவில்லை, டிபிகேஜி தன் அடுத்த துணைநிரலைத் தொடங்க முடியாமல் விழுந்தது. ஏற்கெனவே நினைவகத்தில் ஏறியிருந்த என் பாஷ் மட்டும் உயிரோடு இருந்தது. அதன் உள்ளமைந்த கட்டளையான எக்கோவுக்கு ஒரு நட்சத்திரக்குறியைக் கொடுத்து அடைவில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். புதிய எஸ்எஸ்ஹெச் இணைப்பு எதுவும் உள்ளே வர முடியவில்லை, ஏனெனில் எஸ்எஸ்ஹெச் சேவை ஒவ்வொரு இணைப்புக்கும் தன்னைப் புதிதாக ஓடவிட வேண்டும். முந்தைய இரவின் காப்புப்பிரதியை மீட்டெடுத்துத்தான் வெளியே வந்தேன். பல அடிப்படைக் கட்டளைகளை ஒரே நிரலில் கொண்ட பிஸிபாக்ஸின் நிலைப்பிணைப்புப் பதிப்பு ஒன்று முன்பே நிறுவப்பட்டிருந்தால், அது லிப்சியை வெளியிலிருந்து நாடாது என்பதால், பழைய டெப் கோப்பைப் பிரித்துப் போட்டு அரை மணியில் மீண்டிருப்பேன். அன்றிலிருந்து லிப்சியைத் தொடும் எந்த வேலைக்கும் முன் 'பிஸிபாக்ஸ்-ஸ்டாட்டிக்' தொகுப்பை நிறுவிவிடுவது என் வழக்கம். நீங்களும் செய்துவிடுங்கள்; ஒரு சிறிய டெப் கோப்புதான், டிபிகேஜி கொண்டு நேரடியாக நிறுவலாம்.

ஆகவே போலி யூநேம் செய்யலாமா என்ற கேள்விக்கு, எந்த மறுப்பு என்பதைப் பொறுத்தே விடை. 3.2 வேண்டும் என்ற மறுப்பை ஏமாற்றினால் கணினி போய்விடும், அங்கே எல்லை உண்மையானது. 255 பற்றிய மறுப்பை ஏமாற்றினால் கெடுவது எதுவுமில்லை. நிரலகத்தின் உள்ளே நடக்கும் சோதனை, 4.9.277-ஐத் தன் முறையில் பொதிந்து 3.7-இன் பொதிவோடு ஒப்பிடும். மூன்றாம் எண் வழிந்தாலும் அது மொத்தத்தைக் குறைக்காது, ஆகவே பழையது என்று அது ஒருநாளும் சொல்லாது.

இந்த இடத்தில் ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். 'செட்ஆர்ச்' கட்டளையில் யூநேம்-2.6 என்ற தெரிவு ஒன்று உண்டு, 3.0 வந்தபோது பதிப்பெண் இரண்டில் தொடங்காததைக் கண்டு திகைத்த பழைய நிரல்களுக்காகக் கர்னலிலேயே செய்யப்பட்ட ஏற்பாடு அது. அதற்குள் ஓடும் நிரல்களுக்கு 4.9 கர்னல் தன்னை 2.6.69 என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும். 69 என்பது 255-ஐ விடச் சிறியதாயிற்றே என்று இதைப் பயன்படுத்தினால், முதல் சோதனையைத் தாண்டினாலும், 3.2 வேண்டும் என்ற இரண்டாம் சோதனையிலோ, நிரலகத்தின் உள்ளே நடக்கும் தொடக்கச் சோதனையிலோ மாட்டுவீர்கள். ஆபத்தில்லை, ஆனால் அதன் பிறகு திரையில் வரும் செய்தி உங்கள் கர்னல் பழையது என்று சொல்லும். அதை நம்பிக் கர்னலைத் தேடி அலைந்தால் ஒரு நாள் வீணாகும்.

சரியான வழிக்கு வருவோம். இணையம் உள்ள வேறொரு கணினியில் 20.04-இன் புதுப்பித்தல் பகுதியிலிருந்து லிப்சி6-இன் கடைசிப் பதிப்பைப் பதிவிறக்குங்கள். ஆர்ம் கட்டமைப்புக்கான உபுண்டு தொகுப்புகள் முதன்மைக் களஞ்சியத்தில் இருக்காது, போர்ட்ஸ் எனப்படும் தனிக் களஞ்சியத்தில் இருக்கும். அங்கே குளிப்சியின் அடைவைத் தேடுங்கள். பதிவிறக்கியதை நிறுவும் முன், மேலே சொன்னபடி அதன் ப்ரீஇன்ஸ்டைப் பிரித்து, 255 சோதனை நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நான் சொல்கிறேன் என்பதற்காக நம்ப வேண்டியதில்லை. இரண்டு நிமிட வேலை. லிப்சி6-ஐ மட்டும் எடுத்தால் போதாது. லிப்சி-பின், லிப்சி6-டெவ், லிப்சி-டெவ்-பின், லோக்கேல்ஸ் என அதே மூலத்திலிருந்து கட்டப்பட்டவற்றில் உங்களிடம் எவையெல்லாம் நிறுவப்பட்டுள்ளனவோ அவை அனைத்தும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். பலகையில் 32-பிட் ஆர்ம் நிரல்களும் ஓடுகின்றன என்றால், அந்தக் கட்டமைப்புக்கான லிப்சி6-உம் எழுத்துக்கு எழுத்து அதே பதிப்பாக இருந்தாக வேண்டும்; இல்லையேல் டிபிகேஜி இரண்டையும் மறுக்கும்.

இவற்றை உங்கள் உள்ளூர்க் களஞ்சியத்தில் சேர்த்து அட்டவணையைப் புதுப்பித்துவிட்டு, ஆப்ட்டையே வரிசையைத் தீர்மானிக்க விடுவதுதான் பாதுகாப்பு. முதலில் 'டிபிகேஜி' கட்டளையைக் கன்ஃபிகர், ஏ என்ற தெரிவுகளோடு ஓடவிட்டு, பாதியில் நிற்கும் தொகுப்புகளில் முடிக்கக் கூடியவற்றை முடியுங்கள். பிறகு 'ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்'. அது என்னென்ன நீக்கப்போகிறது என்று காட்டும் பட்டியலை நிறுத்திப் படியுங்கள். பலகையை விற்றவர்கள் தந்த கர்னல் தொகுப்பு அந்தப் பட்டியலில் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 'ஆப்ட்-மார்க் ஹோல்ட்' கொண்டு அதைப் பூட்டியபின் மீண்டும் முயலுங்கள்.

ஆப்ட்டை விட்டுவிட்டு டிபிகேஜியால் கையாலே நிறுவியாக வேண்டிய நிலை வந்தால், இங்கே கவனம் மிக வேண்டும். 18.04-இல் கடவுச்சொல் குறியாக்க நிரலகமான லிப்கிரிப்ட் கோப்பு, லிப்சி6 தொகுப்புக்குள்ளேயே இருந்தது. 20.04-இல் அது லிப்கிரிப்ட்1 என்ற தனித் தொகுப்பாகிவிட்டது. புதிய லிப்சி6-ஐ மட்டும் தனியாகப் பிரித்துப் போட்டீர்களானால், டிபிகேஜி பழைய தொகுப்பின் கோப்புகளை நீக்கும்போது லிப்கிரிப்டும் போய்விடும். பெர்ல் ஓடாது, பெர்ல் ஓடாவிட்டால் பல தொகுப்புகளின் நிறுவல் ஸ்கிரிப்டுகள் ஓடா. சூடோவும் புதிய உள்நுழைவும் கடவுச்சொல்லைச் சரிபார்க்க அதையே நாடுவதால் அவையும் நின்றுவிடும். ரூட் முனையம் ஒன்றைத் திறந்தே வைத்திருங்கள் என்று முதல் பத்தியிலேயே சொன்னதற்குக் காரணம் இதுதான். ஆகவே ஜிசிசி-10-பேஸ், லிப்ஜிசிசி-எஸ்1, லிப்கிரிப்ட்1 ஆகிய மூன்றையும் முதலில் நிறுவுங்கள். பழைய லிப்சியோடும் அவை ஒத்துப்போகும். அவை உறுதியாக அமைந்தபின் லிப்சி6 குடும்பத்தை ஒரே கட்டளையில் கொடுங்கள்.

புதிய தொகுப்பைப் பெற வழியே இல்லை, இருக்கும் 2020 நகலோடுதான் முடிக்க வேண்டும் என்றால் மட்டும் நண்பரின் வழிக்குப் போகலாம். /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் அடைவில் யூநேம் என்ற பெயரில் ஒரு சிறு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுங்கள்: -ஆர் என்று கேட்டால் 4.9.254 என்று அச்சிடட்டும், வேறு எதைக் கேட்டாலும் உண்மையான யூநேமை அதன் முழுப் பாதையோடு அழைத்து விடையை அப்படியே தரட்டும். தேடல் பாதையில் அந்த அடைவு முன்னே இருந்தால்தான் ப்ரீஇன்ஸ்ட் இதைப் பார்க்கும்; ஆப்ட்டின் புதிய பதிப்புகள் தம் ஸ்கிரிப்டுகளுக்கு அந்த அடைவைத் தருவதில்லை, அப்போது மேலே சொன்ன கவனத்தோடு டிபிகேஜியையே நேரடியாக ஓடவிட வேண்டும். ஆனால் லிப்சி குடும்பம் இறங்கிய மறுகணமே அந்த ஸ்கிரிப்டை அழித்துவிடுங்கள். மறந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன். தொடக்க நினைவகப் படிமத்தை உருவாக்கும் கருவியும், வெளி நிரல்தொகுதிகளைக் கட்டும் டிகேஎம்எஸ்ஸும் ஓடும் கர்னலின் பெயரை யூநேமிடம்தான் கேட்கின்றன. அவை /லிப்/மாட்யூல்ஸ் அடைவுக்குள் 4.9.254 என்ற, இல்லாத ஓர் அடைவைத் தேடும். ஒன்று பிழை காட்டும், அல்லது நிரல்தொகுதிகள் இல்லாத வெற்றுப் படிமத்தைக் கட்டி வைக்கும். அதன் விளைவு அடுத்த மறுதொடக்கத்தில்தான் தெரியும்.

டெப் கோப்பையே பிரித்து, ப்ரீஇன்ஸ்டில் அந்த வரிகளை நீக்கி, மீண்டும் பொதிகட்டி நிறுவுவோரும் உண்டு. பெரிய ஆர் தெரிவோடு டிபிகேஜி-டெப் முழுவதையும் பிரிக்கும், பி தெரிவோடு மீண்டும் கட்டும். தொழில்நுட்ப அளவில் குறையில்லை. எனக்கு இது பிடிப்பதில்லை: பதிப்பெண் மாறாமல் உள்ளடக்கம் மட்டும் மாறிய ஒரு தொகுப்பு ஆய்வகக் களஞ்சியத்தில் தங்கிவிட்டால், ஓராண்டு கழித்து வருபவருக்கு அது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

உங்கள் ஆப்ட் பதிவேட்டில், அதாவது /வார்/லாக்/ஆப்ட் அடைவின் டெர்ம் கோப்பில், 255 தவிர வேறு கர்னல் புலம்பல்களும் இருக்கலாம். அவற்றை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தொடக்கப் படிமத்தை எழுத இடமில்லை என்றால் /பூட் பகிர்வு நிரம்பிவிட்டது, பழைய கர்னல்களை நீக்கினால் தீரும். டிகேஎம்எஸ் கட்டமுடியவில்லை என்றால் வெளி நிரல்தொகுதி அந்தக் கர்னலின் தலைப்புக் கோப்புகளோடு ஒத்துப்போகவில்லை. லிப்சிக்கு அதில் பங்கில்லை. அடுத்து 22.04-க்குப் போகும்போது டாக்கர் கன்டெய்னருக்குள் ஆப்ட் விசித்திரமாக விழுந்தால், அங்கேயும் கர்னல் எண்ணைக் குறை சொல்லாதீர்கள். குளிப்சி 2.34 முதல் புதிய இழைகளைத் தொடங்க குளோன்3 என்ற கர்னல் அழைப்பு பயன்படுகிறது. பழைய டாக்கரின் பாதுகாப்பு வடிகட்டி அதை அறியாததால், அப்படி ஓர் அழைப்பு இல்லை என்று சொல்வதற்குப் பதில் அனுமதி இல்லை என்று சொல்லிவிடுகிறது. இல்லை என்றால் குளிப்சி பழைய வழிக்குத் திரும்பியிருக்கும். அனுமதி இல்லை என்றதால் கைவிடுகிறது. டாக்கரைப் புதுப்பித்தால் சரியாகும்.

நிறுவல் முடிந்ததும் 'எல்டிடி' கட்டளையை வெர்ஷன் தெரிவோடு ஓடவிட்டு 2.31 என்று வருகிறதா பாருங்கள். 'டிபிகேஜி' ஆடிட் தெரிவோடு எதுவும் அச்சிடாமல் திரும்ப வேண்டும். போலி யூநேம் வைத்திருந்தால் அது நீங்கிவிட்டதா என்பதை 'யூநேம் -ஆர்' மீண்டும் 4.9.277 என்று சொல்வதைக் கொண்டு உறுதிசெய்யுங்கள்; பாஷ் பழைய பாதையை நினைவில் வைத்திருக்கும் என்பதால் ஒரு புதிய முனையத்தில் பாருங்கள். அந்தப் புதிய முனையத்தில் கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழைய முடிந்தால் லிப்கிரிப்டும் இடத்தில் இருக்கிறது என்று பொருள். பிறகு தொடக்கப் படிமத்தை ஒருமுறை புதிதாகக் கட்டிவிட்டு, மறுதொடக்கம் செய்யலாம். பலகைக்கு இன்னும் புதிய கர்னல் வரிசை கிடைக்கிறதா என்று விற்றவர்களிடம் கேட்பதையும் அப்போது தொடங்குங்கள், 4.9-க்கு மூலத்திலிருந்து திருத்தங்கள் வருவது நின்று போய்விட்டது. ஆனால் அதை இன்றைய வேலையோடு சேர்க்க வேண்டாம். லிப்சியையும் கர்னலையும் ஒரே நாளில் மாற்றினால், நாளை கணினி எழவில்லை என்றால் எதைக் குற்றம் சொல்வது என்று தெரியாது.